எதிர்பார்த்து ஓட்டு என்கிறார்கள், எதை எதிர்பார்ப்பது?

கேள்வி இது: "புதிதாக பைக் வாங்கியிருக்கிறேன். தினமும் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாக சோழிங்கநல்லூர் போய் வர வேண்டும். வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்து ஓட்டு, எதிர்பார்த்து ஓட்டு என்கிறார்கள். யார் எப்போது குறுக்கே வருவார் என்று யாருக்குத் தெரியும்?"

நியாயமான கேள்வி. இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் "ரோட்டில் இருக்கிற எல்லோரும் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு ஓட்டு" என்பது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அப்படி ஓட்ட முடியாது. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுக்கொண்டே போனால் மேடவாக்கம் தாண்டுவதற்குள் மனசு களைத்துவிடும், அப்புறம் எதையுமே கவனிக்க மாட்டீர்கள். நான் சொல்வது வேறு. ரோட்டில் யாரும் காரணம் இல்லாமல் திடீரென்று திரும்புவதில்லை. நமக்குத்தான் அது திடீர். அந்த வண்டிக்காரருக்கு ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணம் பெரும்பாலும் வண்டி நகர்வதற்கு இரண்டு மூன்று நொடி முன்பே வெளியே தெரியும். ஆகவே வண்டியைப் பார்ப்பதைவிட, அந்த வண்டி என் பாதைக்குள் வர என்ன காரணம் இருக்கிறது என்று பாருங்கள்.

ஷேர் ஆட்டோவை எடுத்துக்கொள்வோம், நம் ஊரில் இதைவிட நல்ல பாடம் கிடையாது. உங்களுக்கு முன்னால் வலது பக்கமாக ஒரு ஷேர் ஆட்டோ போகிறது. புதிதாக ஓட்டுபவர் ஆட்டோவின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு இண்டிகேட்டர் போடுகிறாரா என்று காத்திருப்பார். அது எரியாது, எரிந்தாலும் காலையிலிருந்து எரிந்துகொண்டே இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது ஆட்டோவை அல்ல, நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளி பிளாட்பாரத்தில் நிற்கும் அந்த அம்மாவை. கையில் பை, முகம் உங்கள் திசையில், கை லேசாக உயர்கிறது. அவ்வளவுதான், அந்த ஆட்டோ உங்கள் முன்னால் இடது பக்கம் பாயப் போகிறது. ஆட்டோ டிரைவருக்கே அந்த முடிவு தோன்றுவதற்கு முன் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே உட்கார்ந்திருப்பவர் குனிந்து சில்லறை எடுத்தாலும் அதே அர்த்தம். ஆட்டோ காலியாக ஊர்ந்து போனால் இன்னும் கவனம், காலி ஆட்டோவின் கண் முழுக்க பிளாட்பாரத்தில்தான் இருக்கும், கண்ணாடியில் இருக்காது.

இதே கண்ணோடு பஸ்ஸைப் பாருங்கள். நிற்கும் பஸ்ஸை வலது பக்கமாகக் கடக்கும்போது ஆபத்து பஸ்ஸிலிருந்து வருவதில்லை, பஸ்ஸின் மூக்குக்கு முன்னாலிருந்து வருகிறது. இறங்கியவர்களில் யாராவது ஒருவர் எதிர்ப்பக்கம் போக வேண்டியவராக இருப்பார், அவர் பஸ் கிளம்பும்வரை காத்திருக்க மாட்டார். தள்ளி வரும்போதே பஸ்ஸின் அடியில் பார்த்தால் அந்தப் பக்கம் நடக்கும் கால்கள் தெரியும். கால்கள் முன்பக்கமாக நகர்ந்தால் ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். உங்கள் வழியில் இன்னொரு தொல்லையும் உண்டு, மெட்ரோ வேலைக்காக வைத்திருக்கும் தடுப்புத் தகரங்கள். ஆள் உயரத்துக்கு மறைத்துவிடும். அதில் இடைவெளி இருக்கும் இடம் எல்லாமே மனிதர் வெளியே வரும் வாசல் என்று எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எதிர்ப்பக்கம் போக அவர்களுக்கும் வேறு வழி இல்லை.

தவறான திசையில் வருபவர்களும் இப்படித்தான். எங்கிருந்து வேண்டுமானாலும் வருவார்கள் என்று தோன்றும், உண்மையில் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நடுவில் மீடியன் இருக்கும் சாலையில் யூ-டர்ன் தூரமாக இருந்தால், அந்தத் தூரத்துக்குள் இருக்கும் பெட்ரோல் பங்க், டீக்கடை, கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம் எல்லாவற்றிலிருந்தும் ஒரு கூட்டம் ஓரமாக எதிரே வரும். பெட்ரோல் போட்டவர் எதிர்த்திசையில் போக வேண்டும் என்றால் ஒரு கிலோமீட்டர் சுற்றிவர மாட்டார், முந்நூறு மீட்டர் எதிர்த்திசையில் ஓரமாக வந்து திரும்பிவிடுவார். அதனால் பங்க் கண்ணில் பட்டதும் இடது ஓரத்தை ஒட்டி ஓட்டுவதை விட்டு கொஞ்சம் உள்ளே வந்துவிடுவது நல்லது. அவரைத் திட்டிப் பயனில்லை. சட்டப்படி தப்பு அவருடையதுதான், ஆனால் கால் உங்களுடையது.

அடுத்து, நம்மை யாரும் பார்ப்பதில்லை என்ற விஷயம். இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் "அவன் என்னைப் பார்த்துக்கொண்டேதான் வந்து இடித்தான்" என்று விழுந்தவர்கள் அடிக்கடி சொல்வார்கள். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பைக்கும் இன்னொரு வண்டியும் மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, மற்ற வண்டிக்காரர் பைக்குக்கு வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நடந்தவை. அவர்களில் பெரும்பாலானோர் பைக்கைப் பார்க்கவே இல்லை, அல்லது பார்க்கும்போது நேரம் கடந்துவிட்டது. தப்பிக்க பைக்காரருக்குக் கிடைத்த நேரம் 2 நொடிக்கும் குறைவு. நாடு வேறு, காலம் வேறு, ஆனால் கண் ஒன்றுதான். நம் நாட்டிலும் 2022-ல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105.

ஏன் பார்ப்பதில்லை? பக்கத்துத் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்கு வரும் கார்க்காரர் வலது பக்கம் திரும்பிப் பார்க்கிறார். அவர் உட்கார்ந்திருப்பதும் வலது பக்கம். முன்பக்கக் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் நிற்கும் அந்தக் கம்பம் அவர் முகத்துக்கு மிக அருகில் இருப்பதால் ஒரு பைக்கையே மறைக்கப் போதுமானது. அவரும் நீங்களும் ஒரே சீராக அந்த மூலையை நோக்கி வந்தால், நீங்கள் கடைசிவரை அந்தக் கம்பத்துக்குப் பின்னாலேயே இருப்பீர்கள். அது போக, கண் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவும்போது நடுவில் இருப்பதை மூளை பதிவு செய்வதில்லை. பார்த்தாலும், சின்ன உருவம் தூரத்தில் இருப்பதாகவும் மெதுவாக வருவதாகவும் தோன்றும், "இன்னும் நேரம் இருக்கு" என்று வந்துவிடுவார். 2017 ஏப்ரலிலிருந்து வரும் புது வண்டிகளில் பகலிலும் ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்கும், அது உதவும்தான், ஆனால் அதை நம்பிப் போகக் கூடாது.

அதனால் கார்க்காரரின் முகத்தைப் பார்த்து "என்னைப் பார்த்துவிட்டார்" என்று முடிவு செய்யாதீர்கள். முகம் உங்கள் பக்கம் திரும்பியிருப்பது எதற்கும் சாட்சி இல்லை. அவருடைய முன் டயரைப் பாருங்கள். கார் ஓர் அங்குலம் நகர்ந்தாலும் சக்கரம் சுழல்வது முதலில் தெரியும், எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்பதும் தெரியும். சந்துக்கு அருகில் வரும்போது பாதையில் லேசாக வலது பக்கம் விலகிப் போங்கள். பக்கவாட்டில் நகரும் பொருள் கண்ணில் சட்டென்று படும், உங்களுக்கும் ஓரடி இடம் கூடுதலாகக் கிடைக்கும். எதிரே வந்து வலது பக்கம் திரும்பக் காத்திருக்கும் வண்டி இன்னும் மோசம். உங்களுக்கு முன்னால் ஒரு வேன் போகிறது, அது கடந்ததும் திரும்பலாம் என்று அவர் காத்திருக்கிறார், வேனுக்குப் பின்னால் நீங்கள் இருப்பது அவருக்குத் தெரியாது. வேனை ஒட்டிக்கொண்டு போனால் அவர் திரும்பும் அதே நொடியில் அங்கே நீங்கள் இருப்பீர்கள்.

சிக்னல் மொழியையும் தெரிந்துகொள்ளுங்கள், புத்தகத்தில் இருப்பதை இல்லை, ரோட்டில் இருப்பதை. எதிரே வருபவர் ஹெட்லைட்டை அடித்தால் நம் ஊரில் "நான் வருகிறேன், நீ நில்" என்று அர்த்தம். நாலு பக்கமும் இண்டிகேட்டர் மினுக்கிக்கொண்டு ஜங்ஷனுக்கு வரும் வண்டி நேராகப் போகிறேன் என்று சொல்கிறது, பழுதாகி நிற்கவில்லை. லாரியின் வலது இண்டிகேட்டருக்கு ஒரே அர்த்தம் கிடையாது. வலது பக்கம் திரும்பப் போகிறது என்றும் இருக்கலாம், எதிரே வண்டி வருகிறது ஏறாதே என்றும் இருக்கலாம், ஏறிப் போ என்றும் இருக்கலாம். மூன்றில் எது என்று சாலையில் நேரில் பார்க்கும்வரை பின்னாலேயே இருங்கள். அடுத்தவர் கண்ணை நம்பி ஓவர்டேக் செய்வது வேண்டவே வேண்டாம்.

லாரி, பஸ் இரண்டின் இடது பக்கமும் உங்களுக்கு இடமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்னலில் நிற்கும்போது அந்த இடைவெளி காலியாகத்தான் இருக்கும், நுழையத் தோன்றும், எல்லோரும் நுழைவார்கள். நீளமான வண்டி இடது பக்கம் திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரம் போன வழியில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். முன்னால் பெரிதாக இருந்த இடம் பின்னால் வரவரச் சுருங்கி பிளாட்பாரத்தோடு ஒட்டிவிடும். டிரைவரின் முகம் அவருடைய பக்கக் கண்ணாடியில் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. பின்னால் நில்லுங்கள். அரை நிமிடம் போனால் போகட்டும்.

இனி ரோடு. பள்ளத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், ஆனால் பார்க்க முடியாத இடத்தில் ஓட்டுகிறார்கள். காருக்கு நேர் பின்னால், நடுவில் ஓட்டாதீர்கள். கார்க்காரர் பள்ளத்தை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுப் போய்விடுவார், அது காரின் அடியிலிருந்து நேராக உங்கள் முன் சக்கரத்துக்கு வந்து சேரும். அவருடைய சக்கரம் போன தடத்திலேயே போனால், அவர் குலுங்கினால் நீங்கள் தயாராகலாம். மழைத்தண்ணீர் தேங்கியிருக்கும்போதும் இதே விதிதான், முன்னால் போன வண்டியின் சக்கரத் தடம். யாரும் போகாத தண்ணீரில் நீங்கள் முதல் ஆளாகப் போகாதீர்கள், பாதாள சாக்கடை மூடி இருக்கிறதா இல்லையா என்று மேலிருந்து தெரியாது. நடுரோட்டில் ஒரு மரக்கிளை நட்டிருந்தால் அது யாரோ ஒரு புண்ணியவான் வைத்த அறிவிப்புப் பலகை, சிமெண்ட் சாக்கும் உடைந்த நாற்காலியும் கூட அப்படித்தான்.

பல நாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையின் முதல் கால் மணி நேரம் மிக வழுக்கலானது. தாரில் ஊறிய எண்ணெயும் டீசலும் தூசியும் மேலே மிதந்து வரும், அப்புறம் நல்ல மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். சிக்னல் அருகிலும் பஸ் ஸ்டாப்பிலும் வண்டிகள் நின்று எண்ணெய் சொட்டும் நடுப்பகுதியில் இது அதிகம். ஜீப்ரா கிராசிங்கின் வெள்ளைப் பெயிண்ட், மெட்ரோ வேலை இடத்தில் போட்டிருக்கும் இரும்புத் தகடு, மேம்பாலத்தின் இணைப்புக் கம்பி, இவற்றின் மேல் நனைந்த நேரத்தில் பிரேக்கும் வேண்டாம், சாய்வும் வேண்டாம். வண்டியை நிமிர்த்தி அப்படியே கடந்துவிடுங்கள். புது வீடு கட்டும் தெருவின் முனையில் மணல் சிதறியிருக்கும், வீட்டைப் பார்த்ததுமே மணலை எதிர்பாருங்கள்.

ஒரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை: ரோட்டின் விளிம்பு. தார் மேல் தார் போட்டு உயர்த்தியதில் ஓரத்தில் அரை அடி இறக்கம் இருக்கும். எதிரே பஸ் ஓவர்டேக் செய்துகொண்டு வருகிறது, மண்ணில் இறங்குகிறீர்கள், சரி. விழுவது திரும்ப ஏறும்போதுதான். ரோட்டுக்கு இணையாக ஓட்டிக்கொண்டே மெல்ல ஏற முயன்றால் முன் சக்கரம் விளிம்பில் உரசிக்கொண்டே போகும், ஏறாது, வண்டி சாய்ந்துவிடும். வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் விலகி, விளிம்பைக் குறுக்காகக் கடக்கும் மாதிரி ஏறுங்கள்.

பெயிண்ட் அடிக்காத வேகத்தடைக்கும் காரணம் உண்டு: பள்ளிக்கூடம், கோயில், ஊர் ஆரம்பிக்கும் இடம், அல்லது முன்பு விபத்து நடந்த இடம். முன்னால் போகும் வண்டிகளின் பிரேக் லைட் வரிசையாக ஒரே இடத்தில் எரிந்து அணைந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. ரோட்டில் கறுப்பாக டயர் தேய்ந்த கோடுகள், கண்ணாடித் துகள், இடிந்த மீடியன் எல்லாம் பழைய செய்தி, ஆனால் அந்த இடம் மாறியிருக்காது.

சென்னையை விட்டு வெளியே போனால் பட்டியல் மாறும். டெல்டாவில் தை, மாசி அறுவடை நேரத்தில் ரோடே களம்தான். நெல்லும் வைக்கோலும் காயும், ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள், இரவில் கல் தெரியாது. விழுப்புரம், கடலூர் பக்கம் கரும்பு ஏற்றிய டிராக்டர், பின்னால் ஒரு விளக்கும் இல்லாமல், டிரெய்லரை விட அகலமாக நீட்டிக்கொண்டிருக்கும் கரும்போடு. ஆலை ஓடும் காலம் என்றால் இருட்டில் கறுப்பாக ஏதோ அசைந்தாலும் அது கரும்பு வண்டி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்கு முன்பு பழனிக்குப் போகும் சாலைகளில் இரவெல்லாம் பாதயாத்திரைக் கூட்டம். ராத்திரி பத்து மணிக்கு டாஸ்மாக் மூடும் நேரம், அந்தக் கடை இருக்கும் தெருமுனையை எப்படிக் கடப்பது என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இரவில் எதிரே ஹைபீம் வந்தால் அந்த விளக்கைப் பார்க்காமல் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பாருங்கள், வேகத்தைக் குறையுங்கள். ஆனால் அந்த வெளிச்சம் கொஞ்சம் உதவியும் செய்யும், உங்களுக்கும் அதற்கும் நடுவில் ஏதாவது கடந்தால் வெளிச்சம் ஒரு கணம் மறைந்து திரும்ப வரும். அது மாடாகவோ மனிதராகவோ இருக்கும். ஒற்றை விளக்கு பைக் என்று நினைக்காதீர்கள், ஒரு பக்க விளக்கு எரியாத வேனாக இருந்தால் மீதி உடம்பு இருட்டில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாது.

மலைப்பாதைக்கு ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன், மீதி அனுபவத்தில் வரும். வளைவில் ரோட்டின் இரண்டு ஓரமும் தூரத்தில் ஒன்றாகச் சேர்வது போல் ஒரு புள்ளி தெரியும் அல்லவா, அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். நீங்கள் நெருங்க நெருங்க அந்தப் புள்ளியும் விலகிப் போனால் வளைவு திறக்கிறது. புள்ளி விலகாமல் உங்களை நெருங்கி வந்தால் வளைவு இறுகுகிறது, வேகம் அதிகம். வால்பாறை, கொல்லிமலை மாதிரி இடங்களில் கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு ரோட்டின் முழு அகலமும் வேண்டும், ஹாரன் கேட்டால் முன்கூட்டியே நின்றுவிடுங்கள். மேலே ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை.

இப்போது வேகக் கணக்கு. 60-ல் போகும்போது ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறீர்கள், 40-ல் 11 மீட்டர். ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வையுங்கள். அதற்குப் பிறகு நல்ல காய்ந்த ரோட்டில், சராசரியாக ஓட்டுபவர் பிடிக்கும் பிரேக்கில், 60-லிருந்து நிற்க இன்னும் 23 மீட்டர் போல ஆகும், 40-லிருந்து 10 மீட்டர். ஆக மொத்தம் 60-ல் வந்தவருக்கு 40 மீட்டர், 40-ல் வந்தவருக்கு 21 மீட்டர். 21 மீட்டர் தூரத்தில் ஒரு குழந்தை ஓடி வந்தால் 40-ல் வந்தவர் நின்றுவிடுவார், 60-ல் வந்தவர் அதே இடத்தில் 50-க்கும் மேலான வேகத்தில் மோதுவார். பிரேக் பிடிக்க அவருக்குக் கிடைத்ததே நாலு மீட்டர்தான். ஏபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019-லிருந்து அது கட்டாயம்தான், ஆனால் அது சக்கரம் லாக் ஆகாமல் பார்க்கும், கை பிரேக்குக்குப் போகும் அந்த ஒரு நொடியைத் திருப்பித் தராது. அந்த நொடியைக் குறைக்க ஒரே வழி, காரணம் கண்ணில் பட்டதும் இரண்டு விரலை முன் பிரேக் மேல் வைப்பது. பிடிக்க வேண்டாம், சும்மா வைத்தால் போதும். பத்தில் ஒன்பது முறை எதுவும் நடக்காது, விரலை எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

சைக்கிளில் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும். கூடுதலாக ஒன்று: ஓரத்தை ஒட்டிப் போகப் போகப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள், ஓரத்தில்தான் மணல், மழைநீர் வடிகால் கம்பி, நிறுத்திய காரின் திறக்கும் கதவு எல்லாம் இருக்கிறது. நிறுத்திய கார்களைக் கடக்கும்போது ஒரு கதவின் அகலம் விட்டுப் போங்கள். உள்ளே தலை தெரிந்தாலோ பிரேக் லைட் இப்போதுதான் அணைந்திருந்தாலோ அந்தக் கதவு திறக்கும்.

பழகுவதற்கு ஒரு வழி இருக்கிறது, பிரிட்டனில் போலீஸ் ஓட்டுநர்களுக்குப் பயிற்சியிலேயே இது உண்டு. பார்ப்பதை வாயால் சொல்லிக்கொண்டே ஓட்டுவது. "பஸ் நிற்கிறது, கால்கள் தெரிகின்றன, பங்க் வருகிறது, எதிரே ஒருவர், ஆட்டோ, அங்கே ஓர் ஆள் கை தூக்குகிறார்." ஹெல்மெட்டுக்குள் யாருக்கும் கேட்காது. ஆரம்பத்தில் பத்து நிமிடம் செய்தாலே களைப்பாக இருக்கும், போகப்போக வாய் நின்றுவிடும், கண் மட்டும் தொடர்ந்து செய்யும்.

உங்கள் வழிக்கு மட்டும் ஒன்று. காலையில் தாம்பரத்திலிருந்து கிழக்கே போகிறீர்கள், மாலையில் மேற்கே திரும்புகிறீர்கள், இரண்டு வேளையும் வெயில் உங்கள் கண்ணில்தான். உங்களுக்குப் பின்னால் வருபவருக்கும் அதே வெயில், உங்கள் பிரேக் லைட் எரிவது அவருக்குச் சரியாகத் தெரியாது. ஹெல்மெட் கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். அப்புறம், நிற்க வேண்டிய இடத்தில் கடைசி நிமிடத்தில் அழுத்திப் பிடிக்காமல் முன்கூட்டியே பிரேக்கை லேசாக இரண்டு முறை தட்டி லைட்டை மினுக்கிக் காட்டிவிட்டு, கண்ணாடியில் பின்னால் யார் வருகிறார் என்று பார்த்துக்கொண்டே நில்லுங்கள்.